மஞ்சள் விளக்குக்கு ஒரு கணக்குப் புத்தகம்

அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்காரைத் தொடர்ந்து பார்க்கிற எல்லாருக்கும் இந்தக் கோபம் உண்டு. பந்தயத்தின் நடுவில் ஒரு கார் சுழன்றதும் சட்டென்று மஞ்சள் விளக்கு, அதாவது ஆபத்து எச்சரிக்கை, எரிகிறது. கடைசிச் சுற்று நெருங்கும்போது அதே மாதிரி ஒரு கார் சுழன்று நடுப்பாதையில் நின்றாலும் விளக்கைக் காணோம். அடுத்த வாரம் பார்த்தால் நேர்மாறாக நடக்கிறது. கோபம் நியாயமானதுதான். ஆனால் வெறும் கோபத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது, "உன் ஆள் தோற்றதால் பேசுகிறாய்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். கையில் கணக்கு இருக்க வேண்டும். அதை எப்படி எழுதி வைப்பது என்று சொல்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை மில்லில் எடைமேடைக் கிராணி. லோரி வரும், எடை போடுவோம், பழத்தை ரேம்ப்பில் கொட்டுவார்கள், கிரேடர் பார்ப்பார். குலை பழுத்ததா இல்லையா என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது: பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்தாவது இருக்க வேண்டும். கிரேடர் குனிந்து குலையைப் புரட்டி, குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். டிரைவருக்குச் சந்தேகம் வந்தால் அவரும் பக்கத்தில் குந்தி எண்ணிக்கொள்ளலாம். எண்ணி முடித்தபின் சண்டை நீளாது. நாஸ்கார் மஞ்சள் விளக்குக்கு அப்படி எண்ணிப் பார்க்க ஒரு குழியும் இல்லை. மேலே ரேஸ் கண்ட்ரோல் அறையில் இருப்பவர்கள் பார்த்து, "இது ஆபத்து" என்று நினைத்தால் எரியும். என் மனக்குறை முழுக்க இதில்தான்.

முதலில் நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் 13 மணி நேர வித்தியாசம், மார்ச் மாதம் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 12. நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500 அங்கே ஞாயிறு மதியம் இரண்டரைக்குத் தொடங்கினால் இங்கே திங்கள் விடியற்காலை மூன்றரை. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதற்கு) போகிறவர்கள் எழுந்திருப்பதற்குள் பாதிப் பந்தயம் ஓடியிருக்கும். நேரலையில் பார்க்க முடியாவிட்டால் பாதகமில்லை. இந்தக் கணக்குக்கு மறுபதிவே வசதி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

அடுத்து, மஞ்சள் எரிந்தால் என்ன நடக்கும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கு எரிந்த கணத்தில் யார் எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த வரிசை அப்படியே உறைந்துவிடும். பாதையில் பதித்த கம்பி வளையங்களும் வீடியோவும் அதைத் தீர்மானிக்கும். எல்லாரையும் மெதுவாக நடத்திச் செல்லுகிற பேஸ் கார் முன்னால் வரும், பிட் (டயர் மாற்றி எண்ணெய் ஊற்றுகிற இடம்) முதலில் மூடியிருந்து பிறகு திறக்கும், ஒரு சுற்று பின்தங்கியவர்களில் முதலாமவருக்கு அந்தச் சுற்று இலவசமாகத் திரும்பக் கிடைக்கும். குறித்த சுற்றுகள் முடியும் தறுவாயில், கடைசிச் சுற்று தொடங்கியதைக் காட்டுகிற வெள்ளைக் கொடிக்கு முன்னால் மஞ்சள் வந்தால் ஓவர்டைம்: மறுபடி பச்சை, இரண்டு சுற்று. வெள்ளைக் கொடிக்குப் பின்னால் மஞ்சள் வந்தால் பந்தயம் அதோடு சரி, அந்தக் கணத்தில் முன்னால் இருந்தவரே வெற்றியாளர். அதனால்தான் கடைசி நேரத்தில் விளக்கு இரண்டு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் கோப்பை கை மாறிவிடுகிறது.

செப்பாங்கில் ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்களுக்கு (1999 முதல் 2017 வரை அங்கே நடந்தது) இதில் ஒரு குழப்பம் வரும். அங்கே ஒரு வளைவில் கார் நின்றால் அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கொடி ஆட்டுவார்கள், மற்ற இடங்களில் பந்தயம் ஓடும். நாஸ்கார் ஓடுகிற நீள்வட்ட ஓவல் பாதையில் மஞ்சள் என்றால் பாதை முழுக்க மஞ்சள். நடுவழி கிடையாது. முடிவெடுக்கிறவர்கள் தலையில் இவ்வளவு பாரம் விழ இதுவும் ஒரு காரணம். அவர்களைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இனி நோட்டுப் புத்தகம். சாதாரண பள்ளிக்கூட நோட்டு போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. சுற்று எண், கார் எண், கார் எங்கே நின்றது (பாதையிலா, கீழே புல்லிலா, சுவரோரமா), தானாக நகர்ந்ததா, பின்னால் வருகிற கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருந்தது, விளக்கு எரிய எத்தனை விநாடி ஆனது. விளக்கு எரியாத சம்பவங்களையும் கட்டாயம் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் எரிந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரி நடந்தார்களா இல்லையா என்பது எரியாததைப் பக்கத்தில் வைத்தால்தானே தெரியும்!

விநாடியை எப்படி அளப்பது? மறுபதிவில், கார் தன் பாதையை விட்டு விலகுகிற கணத்தில் போனில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். சுவருக்கு மேலே இருக்கிற மஞ்சள் விளக்கு எரிவது படத்தில் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். திரையில் ஓடுகிற வரிசைப் பட்டியல் மஞ்சளாவதை நம்பாதீர்கள், அது பிந்தி வரலாம். விளக்கு படத்திலேயே இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஊகித்து எண் போட்டால் மொத்த நோட்டும் கெட்டுவிடும்.

இந்த விநாடி ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: டேடோனாவில் கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன. அதாவது ஒரு விநாடிக்கு 83 மீட்டர். மூன்று விநாடி தாமதித்தால் பின்னால் வருகிற கூட்டம் கால் கிலோமீட்டர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாதைக்குப் பாதை தனிப் பக்கம் வைத்துக்கொள்வது அவசியம். மார்ட்டின்ஸ்வில் ஒரு சுற்றே ஏறக்குறைய 850 மீட்டர்தான், வேகமும் குறைவு. சுழன்ற கார் திரும்பி ஓடிவிடும் என்று அங்கே சற்றுக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. நாலு கிலோமீட்டர் நீளமுள்ள டேடோனாவையும் அதற்கும் நீளமான டலடேகாவையும் அதோடு ஒப்பிட்டு "அங்கே ஏன் எரியவில்லை" என்று கேட்டால் கேள்வியே தப்பு. காரும் மாறியிருக்கிறது. 2022இல் வந்த புதிய காரில் டயர்கள் காற்றிறங்கினால் அடித்தளம் தரையில் உட்கார்ந்துவிடும், டிரைவர் எவ்வளவு முறுக்கினாலும் அசையாது. பழைய காராக இருந்தால் நொண்டிக்கொண்டாவது பிட்டுக்குப் போய்ச் சேரும். ஆகவே "நகர்கிறதா என்று பார்த்தோம்" என்ற சமாதானத்துக்கு இப்போது முன்பைவிட மதிப்புக் குறைவு என்பது என் எண்ணம்.

கடைசிப் பத்துச் சுற்றுக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனியாக எழுதுங்கள். கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2024 ஜூலையில் இண்டியானாபோலிஸில் பிரிக்யார்டு 400. ஓவர்டைமில், 41ஆம் எண் காரில் ரயன் ப்ரீஸ் சுழன்று பாதையில் மாட்டிக்கொண்டார். விளக்கு எரியவில்லை. முன்னால் போன கைல் லார்சன் சுற்றி வந்து வெள்ளைக் கொடியைத் தாண்டிய பிறகுதான் எரிந்தது. பந்தயம் முடிந்தது, லார்சன் வெற்றி. கொஞ்சம் முன்னால் எரிந்திருந்தால் இன்னோர் ஓவர்டைம். இதே சம்பவம் எழுபதாவது சுற்றில் நடந்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திருப்பார்களா? உங்கள் நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பதில் அங்கே இருக்கும்.

2025 பிப்ரவரி இன்னும் நல்ல பாடம். டேடோனா 500இன் கடைசிச் சுற்றில் முன்னணிக் கார்கள் மோதிச் சிதறின. மஞ்சள் எரியவில்லை, கோடு வரை ஓடவிட்டார்கள், ஒன்பதாம் இடத்திலிருந்த வில்லியம் பைரன் நடுவில் புகுந்து வந்து வென்றார். அடுத்த வாரமே அட்லாண்டா. அங்கேயும் ஓவர்டைம், கடைசிச் சுற்று, பின்னால் விபத்து. முன்னால் கிறிஸ்டபர் பெல், கார்சன் ஹோசேவார், லார்சன் மூவரும் தோளோடு தோள் உரசிப் போய்க்கொண்டிருந்தபோது மஞ்சள் எரிந்தது. வெற்றி பெல்லுக்கு.

அன்று காலை மில்லில் லோடர் ஓட்டுகிற தம்பி போனைத் தூக்கிக்கொண்டு எடைமேடைக்கு ஓடிவந்தான். "அக்கா, ஹோசேவாரைக் கவுத்துட்டாங்க!"

"விளக்கு எரிஞ்சப்ப யார் முன்னால இருந்தா, அதைப் பார்த்தியா?"

"பெல்தான். ஆனா விளக்கே எரிஞ்சிருக்கக் கூடாதுக்கா."

அவன் ஒரே மூச்சில் சொன்னவை இரண்டு வெவ்வேறு வழக்குகள். விளக்கு எரிந்த கணத்தில் யார் முன்னால் என்பது வளையமும் வீடியோவும் சொல்லுகிற விஷயம், அதில் சண்டைக்கு இடம் குறைவு. விளக்கு எரிந்திருக்க வேண்டுமா என்பது மனிதர் எடுத்த முடிவு, நம் கேள்வி அதைப் பற்றியது. நோட்டில் இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். டேடோனாவையும் அட்லாண்டாவையும் அடுத்தடுத்த வரியில் எழுதி, அடிபட்ட கார் எங்கே நின்றது, வரிசையின் பின்பகுதி அந்த இடத்தை மறுபடி கடக்க வேண்டியிருந்ததா என்று மட்டும் பாருங்கள். கடக்கவே வேண்டாம் என்றால் ஓடவிட்டதில் அர்த்தம் இருக்கிறது. கடக்க வேண்டும் என்றால் யார் வெல்லும் நிலையில் இருந்தாலும் விளக்கு எரிய வேண்டும். என் கட்சி இதுதான், எனக்குப் பிடித்த டிரைவர் தோற்றாலும் இதுவேதான்.

2007 டேடோனா 500 பழைய படம் கிடைத்தால் அதை வைத்துப் பழகுங்கள். கெவின் ஹார்விக்கும் மார்க் மார்ட்டினும் கோட்டை நோக்கிப் பறக்கிறார்கள், பின்னால் பெரிய விபத்து. கிளிண்ட் போயரின் கார் தலைகீழாக, தீப்பிடித்தபடி கோட்டைக் கடக்கிறது. மஞ்சள் எரியாமலே ஹார்விக் 0.020 விநாடியில் வென்றார். விபத்து தொடங்கியதும் எரிந்திருந்தால் மார்ட்டின் பக்கம் போயிருக்கும் என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. படத்தை நிறுத்தி, முதல் கார் விலகுகிற கணத்தில் யார் மூக்கு முன்னால் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

எழுதிய கணக்கை வைத்து என்ன செய்வது? கொடி ஆட்டுகிறவரைத் திட்ட வேண்டாம். மேலிருந்து சொன்னால்தான் அவர் கொடியை எடுப்பார். ஜெயித்த டிரைவரையும் விட்டுவிடுங்கள். கேள்வி ரேஸ் கண்ட்ரோலுக்கு. பந்தயம் முடிந்த வாரத்தில் நாஸ்கார் அதிகாரிகள் வானொலியில் விளக்கம் சொல்வது வழக்கம். அதைக் கேட்டு, சொன்ன காரணத்தை உங்கள் நோட்டில் அந்தச் சம்பவத்தின் எதிரே எழுதுங்கள். சில மாதம் கழித்து ஒரே மாதிரிச் சம்பவத்துக்கு இரண்டு வெவ்வேறு காரணம் சொல்லியிருந்தால் அது உங்கள் கையில் இருக்கும். அதைச் சுற்று எண்ணோடு எழுதி அனுப்புங்கள். கேட்க வேண்டியது இரண்டு: எந்த நிலையில் விளக்கு எரியும் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள், கடைசிச் சுற்றில் எடுத்த முடிவுக்கு அன்றைக்கே காரணம் சொல்லுங்கள்.

இதெல்லாம் வீண் வேலை என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு சங்கதி. 2003 செப்டம்பர் வரை மஞ்சள் எரிந்தாலும் கோடு வரை காரை விரட்டிப் போட்டி போட்டார்கள். நியூ ஹாம்ஷயரில் டேல் ஜாரெட்டின் கார் பாதையில் நின்றுவிட, மற்றவர்கள் அதைத் தாண்டிப் பாய்ந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வழக்கம் ஒழிந்தது. 2004 ஏப்ரலில் டலடேகாவில் ஜெஃப் கார்டன், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரை முந்தி, மஞ்சள் எரிந்தபடியே பந்தயம் முடிந்து வென்றபோது ரசிகர்கள் டின்களைப் பாதைக்குள் வீசினார்கள். வீசியது தப்பு, டிரைவர்கள் இன்னும் பாதையில் இருந்தார்கள். ஆனால் அதே ஆண்டு கோடையிலேயே கூடுதல் சுற்று விதி, மேலே சொன்ன ஓவர்டைம், வந்துவிட்டது.

நேரலையில் எழுதுகிறவர்கள் முதலில் சுற்று எண்ணையும் கார் எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற கட்டங்களை ஷிப்ட் முடிந்து வீட்டில் மறுபதிவு பார்க்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். பென்சிலில் எழுதினால் திருத்த வசதியாக இருக்கும்.