ஒரு ப்ளீஸுக்கு எத்தனை ஜப்பானியச் சொல்?

ப்ளீஸ் என்பதற்கு நான் முதலில் கற்றுக்கொண்ட ஜப்பானியச் சொல் ‘தோஸோ’. அதை நம்பி ஒரு சாப்பாட்டுக் கடையில் “மிஸு, தோஸோ” என்று கேட்டேன். மிஸு என்றால் தண்ணீர். பரிமாறுகிற அம்மா ஒரு நொடி முழித்தார், ஏனென்றால் என் வாயிலிருந்து வந்தது “தண்ணி கொடுங்க” இல்லை, “இந்தாங்க தண்ணி, எடுத்துக்குங்க”.

அதனால் கேட்கிறோமா கொடுக்கிறோமா என்று முதலில் பாருங்கள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லும்போதும், டீயை நீட்டும்போதும், லிஃப்டில் மற்றவரை முன்னால் போகவிடும்போதும் தோஸோ. கேட்கிற பக்கம் வந்தால் அதை மறந்துவிடுங்கள்.

கேட்பதற்கு இரண்டு உண்டு. கைக்கு வரும் பொருள் என்றால் ‘குதாசாய்’: “கோஹீ ஒ குதாசாய்”, ஒரு காபி கொடுங்கள். ஆனால் டாக்ஸியில் ஏறி ஷின்ஜுக்கு ஸ்டேஷனைக் குதாசாய் என்றால் ஸ்டேஷனையே எடுத்துக் கொடுங்கள் என்று ஆகிவிடும். அங்கே “ஷின்ஜுக்கு எக்கி மதே ஒனெகாய்ஷிமாஸ்”. போனில் தனாகா என்பவரைக் கூப்பிடச் சொல்வதும் இப்படித்தான், “தனாகா-சான் ஒனெகாய்ஷிமாஸ்”. காபிக்கும் இது செல்லும், அதனால் குழப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒனெகாய்ஷிமாஸ் சொல்லிவிடலாம்.

வினைச்சொல்லோடு வரும்போது நமக்கு ஒரு வசதி. நாமும் “கொஞ்சம் இருங்க” என்று ‘ங்க’விலேயே மரியாதையை முடித்துவிடுவோம், தயவுசெய்து எல்லாம் அறிவிப்புப் பலகையோடு சரி. அங்கேயும் வினையின் வாலில்தான் எல்லாம்: “மத்தே குதாசாய்”, இருங்கள். ஆனால் இதில் நாம் நினைக்கிற அளவு பணிவு கிடையாது. மேலதிகாரியிடம் ஒரு ஃபைலை நீட்டி “மித்தே குதாசாய்” என்றால் பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது மாதிரி இருக்கும், “மித்தே இத்தாதகெமாஸ் கா” என்று கேள்வியாகக் கேளுங்கள். விருந்தாளியை உட்காரச் சொல்லவும் “ஒசுவாரி குதாசாய்” வேண்டாம், “ஒக்கக்கே குதாசாய்” நல்லது. ஒசுவாரி என்பது நாயை உட்காரச் சொல்லும் சொல்!

பலகைகளில் ‘கொ-என்ரியோ குதாசாய்’ என்று இருந்தால் குதாசாயைப் பார்த்து ஏதோ செய்யச் சொல்கிறார்கள் என்று ஏமாறக் கூடாது. என்ரியோ என்றால் தயங்கி ஒதுங்குவது. மியூசியத்தில் போட்டோவோடு சேர்த்து இதை எழுதியிருந்தால் எடுக்காதே என்று அர்த்தம்.

அப்புறம் கடையில் பை வேண்டுமா என்று கேட்பார்கள், 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு. வேண்டுமென்றால் “ஒனெகாய்ஷிமாஸ்”, வேண்டாமென்றால் “தாய்ஜோபு தெஸ்”.

நண்பன் அதே புராணத்தை நாலாவது முறை ஆரம்பிக்கும்போது சலிப்போடு ப்ளீஸ் என்போமே, அதற்கு இவை எதுவும் ஆகாது. “கன்பென் ஷித்தே யோ”: ஆளை விடுப்பா.