பழைய மினி-ஐடிஎக்ஸ் போர்டில் வீட்டு சர்வர்: முதலில் பவர் பின்னைப் பாருங்கள்

பில்லிங் மெஷினில் இருந்து கழற்றிய மினி-ஐடிஎக்ஸ் போர்டு (சின்ன அளவு கம்ப்யூட்டர் மதர்போர்டு) ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, வீட்டில் எல்லோருடைய போட்டோக்களையும் சேர்த்து வைக்கும் சர்வராக மாற்றினேன். எட்டு மாதமாக ஓடுகிறது. ஆனால் முதல் இரண்டு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காரணம் 0.4 மில்லிமீட்டர். அதற்கு வருகிறேன்.

கையடக்கக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை போதாதா என்று கேட்பீர்கள். எல்.ஈ.டி. எரியவைக்க, சென்சார் படிக்க அதுதான் சரி. இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி வருஷக்கணக்கில் ஓடவிட வேண்டுமென்றால் எனக்கு டிஸ்கை நேரடியாக மாட்டும் சாட்டா போர்ட் உள்ள போர்டுதான் வேண்டும். யூ.எஸ்.பி. ஒயரில் தொங்கும் டிஸ்கை நான் நம்புவதில்லை. மினி-ஐடிஎக்ஸ் என்பது 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு: 17 செ.மீ.க்கு 17 செ.மீ. அதன் நான்கு திருகு ஓட்டைகளும் பெரிய ஏ.டி.எக்ஸ் கேபினெட்டில் அப்படியே பொருந்தும். அதனால் பரணில் கிடக்கும் பழைய கேபினெட் போதும், புதிதாக வாங்காதீர்கள்.

படி 1: ரேம்

என் போர்டில் இருப்பது இன்டெல் செலரான் ஜே1900. நான்கு கோர், 10 வாட், விசிறியே வேண்டாம், ஹீட்சிங்க் போதும். ரேம் அதிகபட்சம் 8 ஜிபி. லேப்டாப் ரேம்தான், ஆனால் டிடிஆர்3 எல் ஆக இருக்க வேண்டும். 'எல்' என்றால் 1.35 வோல்ட். பழைய லேப்டாப்பில் இருந்து எடுத்த 1.5 வோல்ட் ரேமும் அதே ஸ்லாட்டில் அழகாக உட்காரும். திரையில்தான் ஒன்றும் வராது. ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

படி 2: பவர்

இந்த மாதிரி போர்டுகளில் பெரிய எஸ்.எம்.பி.எஸ். (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) கிடையாது. லேப்டாப் போல ஒரு வட்ட ஜாக், அதில் அடாப்டர். ஜாக்குக்குப் பக்கத்தில் போர்டிலேயே வோல்ட் அச்சிட்டிருக்கும். என்னுடையது 12. அங்கே 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினால் போர்டுக்குக் கருமாதிதான். ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை. நான் 12 வோல்ட், 5 ஆம்பியர் போட்டிருக்கிறேன். 3.5 இஞ்ச் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அது மட்டுமே 2 ஆம்பியர் வரை இழுக்கும்.

வோல்ட் சரி, ஆம்பியர் சரி, அடாப்டரின் பின்னும் ஜாக்கில் சரியாகப் போனது. ஆனாலும் மெஷின் நினைத்த நேரத்தில் அணைந்தது. மல்டிமீட்டரில் 12.1 காட்டியதால் அடாப்டர் மேல் சந்தேகமே வரவில்லை. ரேமைச் சந்தேகப்பட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன், பாஸ். டிஸ்கை மாற்றினேன். டெபியன் லினக்ஸைத் திரும்ப நிறுவினேன். ஒரு நாள் அம்மா மேசைக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பம் ஒயரில் பட்டது. மெஷின் பொட்டென்று அணைந்தது.

விஷயம் இதுதான். ஜாக்குக்கு நடுவில் உள்ள ஊசி 2.1 மி.மீ. என் அடாப்டர் பின்னின் ஓட்டை 2.5 மி.மீ. வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5தான், அதனால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஜாக்கில் 2.5 ஊசி இருந்து, பின் 2.1 ஆக இருந்திருந்தால் உள்ளேயே போகாது, அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னுடையது தலைகீழ், உள்ளே போய்விட்டு ஏமாற்றியது. போர்டைக் கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓடும்போது பின்னை மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். அணைந்தால் அந்த அடாப்டர் வேண்டாம்.

படி 3: வெளியிலேயே ஆன் செய்து பாருங்கள்

கேபினெட்டில் பூட்டும் முன் போர்டை ஓர் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். போர்டு வந்த வெள்ளி நிறக் கவர் மேல் வேண்டாம், சில கவர்கள் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தும். சுவிட்ச் இல்லையே என்று யோசிக்காதீர்கள். ஓரத்தில் இரண்டு வரிசையாக ஒன்பது ஊசிகள் நிற்கும். பெரும்பாலான போர்டுகளில் 6ஆம் 8ஆம் ஊசிதான் பவர் சுவிட்ச். திருப்புளி நுனியால் இரண்டையும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். காந்த நுனி உள்ள நல்ல திருப்புளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நூறு ரூபாய்க்கு முப்பது பிட் தரும் செட் மூன்றாவது திருகிலேயே மழுங்கிவிடும்.

படி 4: கரண்ட் போய் வந்தால்

டெபியன், ஃபைல்களை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா, இரண்டையும் நிறுவுவது வழக்கம்போலத்தான். அப்புறம் மறக்காமல் பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) போய் 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்த பிறகு யாராவது சுவிட்சைத் தட்டும்வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போகும்போது இருந்த நிலைக்கே திரும்பும் 'லாஸ்ட் ஸ்டேட்' எனக்குப் பிடிக்காது. சர்வர் என்றால் கரண்ட் வந்ததும் எழ வேண்டும், அவ்வளவுதான்.

பின்னர் சேர்த்தது: 'பவர் ஆன் வைத்தேன், ஒரு தடவை கரண்ட் போனதும் பழையபடி ஆகிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரை பயாஸில் தேதியைப் பார்க்கச் சொன்னேன். பல வருஷம் பின்னால் போயிருந்தது. கரண்ட் இல்லாதபோது தேதியையும் செட்டிங்கையும் காப்பாற்றும், போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. நல்ல பேட்டரி 3 வோல்ட் காட்டும், அவருடையது 1.9. சில சின்ன போர்டுகளில் அது ஒயரோடு ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அந்த ஒயரை வெட்டிவிடாதீர்கள், கனெக்டரோடு வாங்க மறுபடி அலைய வேண்டும்.