புறாக் குஞ்சில் ஆண், பெட்டை: நிறத்தை வைத்தே பிரிக்க ஒரு ஜோடி

மூன்று வருசம் முன்னால் செல்லூர்ப் பையன் ஒருத்தனுக்கு ஜோடி என்று சொல்லி இரண்டு குஞ்சு கொடுத்தேன். நாலு மாதம் கழித்து வந்து நிற்கிறான். "ரெண்டும் குமுறுதுண்ணே." இரண்டும் ஆண். அதற்கப்புறம்தான் இந்த முறைக்கு மாறினேன்.

1. ஆண் நீலமாக (சாதாரண மாடப்புறாவின் சாம்பல் நீலம்) இருக்கட்டும். இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை உள்ளது நல்லது, இறக்கையில் கட்டம் கட்டமாகப் புள்ளி உள்ள செக்கரும் ஓகே. வெள்ளை வேண்டவே வேண்டாம். முழுக் கறுப்பும் வேண்டாம். அதிலுள்ள ஸ்ப்ரெட் ஜீன் (ஒரே நிறத்தை உடம்பு முழுக்கப் பரப்புவது) குஞ்சுக்கும் இறங்கி, சிவப்பு தெரிய வேண்டிய இடத்தை வெளிறிய சாம்பலாக்கிக் குழப்பும்.

2. பெட்டை ஆஷ் ரெட், அதாவது சாம்பல் கலந்த சிவப்பு. நான் சறுக்கிய இடம் இதுதான். செப்புக்குடம் மாதிரி தகதகவென்று ஒரு சிவப்புப் பெட்டையை ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டு ஈத்து, நாலு குஞ்சு, நாலும் நீலம்! அது ரிசஸிவ் ரெட் (ஒடுங்கு சிவப்பு), வேறு ஜீன். பிடித்து வாலை விரித்துப் பாருங்கள்: நுனிவரை சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். கழுத்தும் இறக்கைப் பட்டையும் சிவந்து, வால் மட்டும் அடுப்புச் சாம்பல் போல வெளுத்திருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

3. வேறு ஆணோடு இருந்த பெட்டையை இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டு ஜோடி போடுங்கள். இரண்டு முட்டை, 17-18 நாளில் பொரியும். ஏழாம் நாள் அடையாளத்துக்குக் குஞ்சின் காலில் அலுமினிய வளையம் போட்டுவிடுவேன். பிந்தினால் குஞ்சின் விரல்கள் வளையத்தில் நுழையாது. மார்க்கர் பேனா எல்லாம் ஒரு குளியலுக்குத் தாங்காது.

4. முள்ளிறகு (முள் போல முளைக்கும் இளம் இறகு) வெடித்ததும் பாருங்கள். நீலம் பெட்டை, சிவப்பு ஆண்.

எப்படி? இந்த நிறம், ஆணா பெட்டையா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். மகளுக்கு அந்த ஒன்று அப்பனிடமிருந்தே வரும், அதனால் நீலம். மகனுக்கு அம்மாவின் சிவப்பும் சேரும். சிவப்பு நீலத்தை அமுக்கிவிடும். ஜோடியைத் திருப்பிப் போட்டு, ஆண் சிவப்பு, பெட்டை நீலம் என்றால் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

பிறகு சேர்த்தது: "சிவப்புக் குஞ்சு வாலில் மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி, கலப்படமா?" என்று மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை தம்பி. உள்ளே ஒளிந்திருக்கும் அப்பனின் நீலம்தான் அப்படி எட்டிப்பார்க்கிறது; வயசாக ஆக இன்னும் கூடும். அந்த மகனை மட்டும் நீலப் பெட்டையோடு போட்டுவிட்டு மறுபடி நிறம் பார்க்காதீர்கள், இரண்டு நிறத்திலும் இரண்டும் வரும்.