சோம்கியாத் சந்த்ராவை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கிற நம் ஆட்களில் பலருக்கு சோம்கியாத் சந்த்ரா என்ற தாய்லாந்து வீரரின் பெயர் 2025-இல்தான் அறிமுகம். அந்த வருடம் அவர் மோட்டோஜிபியில் ஓட்டினார், பெரும்பாலும் பின்வரிசையில் முடித்தார், வருடக் கடைசியில் அணியை விட்டு வெளியே வந்தார். இதை மட்டும் பார்த்துவிட்டு “தேறாத ஆள்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. பந்தய வீரரின் வாழ்க்கையை முடிவுப் பட்டியலில் இருக்கும் ஒற்றை எண்ணை வைத்துப் படிக்க முடியாது. எந்த வகுப்பு, எந்த பைக், உடம்பு எப்படி இருந்தது, பக்கத்தில் ஓட்டியவர் யார் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது வழக்கமாக எங்கே சறுக்குகிறோம் என்று பார்க்கலாம்.

முதலில் பெயர். தாய்லாந்தில் ஒருவரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. சொந்தப் பெயர் அல்லது செல்லப் பெயர்தான். அங்கே ரசிகர்களுக்கு இவர் ‘கோங்’. நம் ஊர்ச் செய்திகளில் ‘சான்ட்ரா’, ‘சன்ட்ரா’ என்று எப்படியெல்லாமோ எழுதுகிறார்கள். உண்மையில் அது நமக்கு நன்றாகத் தெரிந்த சந்திரன்தான். சோம்கியாத் என்பதில் வரும் ‘கியாத்’ கூட சமஸ்கிருதக் ‘கீர்த்தி’ தாய் மொழிக்குப் போய் உருமாறிய சொல். புகழுக்குப் பொருத்தமானவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தடுமாறத் தேவையே இல்லை.

‘முதல் தாய்லாந்து வீரர்’ என்று மொட்டையாகச் சொல்வது

இது ரொம்பப் பரவலான தவறு. எதில் முதல்? சோம்கியாத்துக்கு இரண்டு ‘முதல்’கள் உண்டு. கிராண்ட் பிரீ, அதாவது உலக சாம்பியன்ஷிப்பின் போட்டி ஒன்றை வென்ற முதல் தாய்லாந்து வீரர் அவர். 2022 மார்ச்சில், இந்தோனேசியாவின் மண்டாலிகாவில், மோட்டோஜிபிக்கு அடுத்த படியான மோட்டோ2 வகுப்பில் வென்றார். அப்புறம், உச்ச வகுப்பான மோட்டோஜிபியில் ஓட்டிய முதல் தாய்லாந்து வீரரும் அவர்தான். அது 2025-இல்.

ஆனால் உலகப் பந்தயத்துக்குத் தாய்லாந்திலிருந்து வந்த முதல் ஆள் என்று எழுதினால் ரத்தபார்க் விலைரோட்டுக்குச் செய்யும் அநியாயம் அது. ‘ஃபிலிம்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ரத்தபார்க் 2007 முதலே 250 சிசி வகுப்பில் முழுநேரமாக ஓட்டியவர். 2010-இல் மோட்டோ2 தொடங்கியபோது அதிலும் இருந்தார். 2015 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராம் சர்க்யூட்டில் உலக சூப்பர்ஸ்போர்ட் போட்டியை, சொந்த மக்கள் முன்னால் வென்று காட்டினார். அந்த சர்க்யூட் திறந்தே அப்போது ஆறு மாதம் ஆகவில்லை. சோம்கியாத் போன பாதையில் முதலில் முள்ளை மிதித்தவர் அவர். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

மண்டாலிகா வெற்றியைத் திடீர் அதிர்ஷ்டம் என்று நினைப்பது

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். 2019-இல் மோட்டோ2-வுக்கு வந்தவர் மூன்று வருடம் ஒரு தடவை கூட முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறவில்லை. பத்தாவது, பதினைந்தாவது, இல்லையென்றால் சறுக்கி விழுவது. 2021 முடியும்போது ‘இவ்வளவுதான் போல’ என்று நினைத்தேன். அடுத்த வருடம் இரண்டாவது போட்டியிலேயே ஜெயித்துவிட்டார். தடத்தின் தார் பெயர்ந்துகொண்டிருந்ததால் அன்று போட்டியின் நீளத்தைக் குறைத்து 16 லேப் (சுற்று) ஆக்கியிருந்தார்கள். ‘முழு நீளம் ஓடியிருந்தால் ஜெயித்திருக்க மாட்டார்’ என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த போட்டியில், அர்ஜென்டினாவில் இரண்டாமிடம். அதே வருடம் ஆஸ்திரியாவிலும் இரண்டாமிடம். 2023-இல் ஜப்பானின் மோட்டெகியில் அணித் தோழர் ஐ ஒகுராவை, அவருடைய சொந்த நாட்டு மக்கள் கண் முன்னாலேயே பின்னுக்குத் தள்ளி வென்றார். அதிர்ஷ்டம் இத்தனை தடவை வராது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் அந்த வெற்றியின் வேர் தெரியும். சோம்கியாத் 1998-இல் பிறந்தவர், சொன்புரிக்காரர். 2016-இல் ஆசியா டேலன்ட் கோப்பையை வென்றார். அந்தக் கோப்பையின் சிறப்பே, எல்லாப் பையன்களுக்கும் ஒரே மாதிரி 250 சிசி ஹோண்டா பைக் என்பதுதான். பணக்கார அணி, ஏழை அணி என்ற பேச்சே கிடையாது. அதற்குப் பிறகு ஸ்பெயினில் ஜூனியர் போட்டிகள். 2018-இல் தாய்லாந்து கிராண்ட் பிரீ முதன்முதலாக நடந்தபோது, மோட்டோ2-வுக்கும் கீழ் வகுப்பான மோட்டோ3-இல் வைல்டு கார்டாக ஒரே ஒரு போட்டிக்கு வந்து ஒன்பதாவதாக முடித்தார். வருடம் முழுக்க ஓட்டுகிற ஆட்களுக்கு நடுவே விருந்தாளியாக வந்து முதல் பத்துக்குள் முடிப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒன்பதாமிடத்தை அன்றைக்குக் கவனித்திருந்தால் மண்டாலிகா நமக்கு இவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது.

சொந்த ஊர்ப் போட்டியைச் சலுகை என்று எண்ணுவது

‘வீட்டு மைதானம், பழகின தடம், கூட்டம் வேறு ஆதரவு’ என்போம். புரிராம் சோம்கியாத்தை ஒருபோதும் அப்படித் தாங்கிப் பிடித்ததில்லை. 2022-இல் அங்கே முதலிடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றார். சனிக்கிழமை ஊரே கொண்டாடியது. ஞாயிற்றுக்கிழமை மழை. ஈரத் தடத்தில் விழுந்தார். அந்தப் போட்டியையே பாதியில் நிறுத்திப் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். 2025-இல் பருவத்தின் முதல் போட்டியே புரிராம் என்பதால், மோட்டோஜிபி பைக்கில் அவருடைய முதல் பந்தயமே சொந்த மக்கள் முன்னால். பதினெட்டாவதாக முடித்தார். அதே நாளில் அதே மாதிரி முதல் பந்தயம் ஓட்டிய ஒகுரா ஐந்தாவது. அந்த ஒப்பீடு வருடம் முழுக்க அவரை விடவே இல்லை.

2025-ஐ பைக்கின் தலையிலோ அவர் தலையிலோ மொத்தமாகக் கட்டிவிடுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு பக்கம், ‘ஹோண்டா மோசமான பைக், யார் ஓட்டினாலும் இதே கதிதான்’ என்கிறார்கள். அது சரியில்லை. சோம்கியாத் ஓட்டிய அதே எல்சிஆர் அணியில், அதே ஹோண்டாவில் யோஹான் ஸார்கோ 2025 மே மாதம் லெ மான் மழையில் வென்றார். இன்னொரு பக்கம், ‘ஸார்கோ ஜெயித்த பைக்கில் இவரால் புள்ளியே எடுக்க முடியவில்லையே’ என்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஸார்கோ இரண்டு முறை மோட்டோ2 சாம்பியன். 2017-இலிருந்து உச்ச வகுப்பில் யமஹா, கேடிஎம், டுகாட்டி என்று பல பைக்குகளைப் பார்த்தவர். அந்த அனுபவத்துக்கு எதிரே முதல் வருடக்காரரை நிறுத்தி அளப்பது நியாயமில்லை.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மோட்டோ2-இல் எல்லோருக்கும் ஒரே டிரையம்ப் 765 சிசி எஞ்சின், கிட்டத்தட்ட 140 குதிரைசக்தி. மோட்டோஜிபியில் 1000 சிசி, ஏறத்தாழ 300 குதிரைசக்தி. மோட்டோ2-இல் இரும்பு டிஸ்க் பிரேக். பிடித்தால் உடனே பிடிக்கும். மோட்டோஜிபியில் கார்பன் டிஸ்க். சூடு ஏறாமல் அது பிடிக்கவே பிடிக்காது. அதற்கு மேல், வளைவை விட்டு வெளியே வரும்போது பைக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவி, காற்றை அழுத்தும் இறக்கைகள், ஒவ்வொரு லேப்பிலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய மின்னணுச் சுவிட்சுகள். ஆறு வருடம் மோட்டோ2-இல் கை பழகிய அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டவே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உடம்பையும் மறக்கக் கூடாது. புரிராமில் மூன்றாம் வளைவுக்கு முன்னால் சுமார் ஒரு கிலோமீட்டர் நேர்பாதை. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்திலிருந்து அங்கே பிரேக் பிடிக்கும்போது வீரரின் மொத்த எடையும் இரண்டு முன்கைகள் மீது வந்து விழுகிறது. பிரேக் லிவரில் இருப்பதோ ஒன்றிரண்டு விரல்கள். இப்படி லேப்புக்கு லேப் செய்தால் முன்கைத் தசை வீங்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. ரத்த ஓட்டம் தடைபட்டு, விரல்கள் மரத்துப்போய், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாமல் போகும். பந்தயக்காரர்கள் இதை ‘ஆர்ம் பம்ப்’ என்பார்கள். அந்த உறையைக் கீறி இடம் விடுவதுதான் அறுவை சிகிச்சை. 2025-இன் நடுவில் சோம்கியாத் இதைச் செய்துகொண்டார். பிறகு முழங்காலில் காயம் பட்டுச் சில போட்டிகளைத் தவறவிட்டார். அந்தக் காயத்துக்கு முன்பே, ஜூன் கடைசியில் நெதர்லாந்தின் ஆஸனில் பதினைந்தாவதாக வந்து முதல் புள்ளியை எடுத்தார். ஒரு புள்ளிதான். ஆனால் மோட்டோஜிபி வரலாற்றில் தாய்லாந்து எடுத்த முதல் புள்ளி அது.

வருடம் முடிந்தபோது அவர் கணக்கில் ஒற்றை இலக்கப் புள்ளிகளே இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை, நன்றாகப் போகாத வருடம்தான். நான் கேட்பதெல்லாம் காரணங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான்.

‘ஸ்பான்சர் போட்ட இருக்கை’ என்ற பேச்சும் உண்டு. அந்த இருக்கைக்குப் பணம் கொடுத்தது இடெமிட்சு என்ற ஜப்பானிய எண்ணெய் நிறுவனம். 2018 முதல் 2024 வரை அதில் ஜப்பானிய வீரர் தகாக்கி நகாகாமி உட்கார்ந்திருந்தார். ஆசிய வீரர்களை வளர்க்கும் நோக்கம் அதில் இருந்தது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய வீரர்கள் பலரும் ஏதாவது ஒரு ஸ்பான்சரின் கை பிடித்துத்தான் மேலே வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டு கிராண்ட் பிரீ வெற்றிகளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் சோம்கியாத்.

சூப்பர்பைக்குக்குப் போவதை ஓய்வு என்று எடுத்துக்கொள்வது

2026-க்கு எல்சிஆர் இருக்கை பிரேசிலின் டியோகோ மொரேராவுக்குப் போனது. சோம்கியாத் ஹோண்டாவின் தொழிற்சாலை அணியான எச்ஆர்சிக்காக உலக சூப்பர்பைக் போட்டிக்கு ஒப்பந்தமானார். அணித் தோழர் ஜேக் டிக்சன். மோட்டோஜிபி பைக்கை யாரும் கடையில் வாங்க முடியாது. சூப்பர்பைக் என்பது கடையில் விற்கும் பைக்கைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது. ஒரு வார இறுதிக்கு மூன்று போட்டிகள். டயர் பிரெல்லி, பிரேக் இரும்பு டிஸ்க். 2024 மோட்டோ2-இல் அவர் ஓட்டியதும் பிரெல்லி டயரில்தான், அதிலும் இரும்பு டிஸ்க்தான். கை இதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.

இனி அவர் ஓடும் போட்டியின் முடிவைப் பார்க்கும்போது எத்தனையாவது இடம் என்ற கட்டத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துக் கட்டத்தில் வெற்றியாளரைவிட எத்தனை வினாடி பின்னால் என்று போட்டிருக்கும். அதை லேப் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 26 லேப்பில் 26 வினாடி என்றால் லேப்புக்கு ஒரு வினாடி. புரிராம் மாதிரி ஒன்றரை நிமிடத் தடத்தில் அது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பட்டியலில் அந்த ஒரு வினாடிக்குள் பதினைந்து பேர் இருக்கலாம். அப்புறம் அதே அணியின் இன்னொரு பைக் எங்கே முடித்தது என்று பாருங்கள். போன போட்டியில் அந்த இடைவெளி எவ்வளவு இருந்தது என்றும் பாருங்கள். சோம்கியாத்தின் பைக்கில் 35 என்ற எண் இருக்கும்.