காந்த வாலின் ஓரத்து அயன்கள்: எங்கே சறுக்குகிறோம்?

ஹட்டன், நுவரெலியா பக்கம் உயர்தர வகுப்பில் பூமியின் காந்தப்புலத்தை வரையச் சொன்னால், சட்டக் காந்தத்தைச் சுற்றி இரு பக்கமும் ஒரே அளவாகக் கோடு போட்டுத் தருவார்கள். பூமிக்கு அருகில் அது சரி. தூரம் போகப் போகச் சரிவராது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று, பகல் பக்கத்தை ஏறத்தாழ 10 பூமி ஆரைக்குள் அமுக்கிவிடுகிறது. இரவுப் பக்கத்தையோ 200 ஆரைக்கு அப்பாலும் வாலாக இழுத்துவிடுகிறது. நிலா இருப்பது 60 ஆரையில். போயாவை (முழுநிலா நாளை) ஒட்டிய சில நாட்களில் அது இந்த வாலுக்குள்தான் போய் வருகிறது.

வாலின் நடுவில் சூடான பிளாஸ்மாத் தாள், அதாவது மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு; மேலும் கீழும் ஏறக்குறைய வெறுமையான மடல்கள். இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் சக்திமிக்க அயன்கள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) புலக்கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி அதன் வழியே பாய்கின்றன. 1983இல் ஐ.எஸ்.ஈ.ஈ.-3 செய்மதியும், 1992இல் ஏவப்பட்ட ஜியோடெயிலும் தொலைதூர வாலுக்கே போய் இவற்றை அளந்தன.

அந்தத் தரவை வாசிக்கும்போது அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அயன் எண்ணிக்கை ஏறியதும் "செய்மதி மடலுக்கும் தாளுக்கும் இடையிலான எல்லையைக் கடந்துவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். அவசரப்படாமல் பேனையை எடுங்கள். 100 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள புரோத்தனின் (ஐதரசன் அயனின்) கதி செக்கனுக்குச் சுமார் 4,400 கிலோமீற்றர். புலம் 10 நனோரெஸ்லா, ஓட்டம் புலத்துக்குச் செங்குத்து என்று வையுங்கள். mv/qB (திணிவு × கதி ÷ ஏற்றம் × புலம்) தரும் சுழற்சி ஆரை, அதாவது அயன் புலக்கோட்டைச் சுற்றும் வட்டத்தின் ஆரை, ஏறத்தாழ 4,600 கிலோமீற்றர்! இலங்கையின் நீளத்தைப் போலப் பத்து மடங்கு. சுழற்சி மையம் தாளுக்குள் இருந்தாலும் அயன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். மடலில் நிற்கும் செய்மதியிலும் அது படும். ஆகவே எண்ணிக்கையோடு திசையையும் பாருங்கள். காலைப் பக்கம் போகும் அயன்களும் மாலைப் பக்கம் போகும் அயன்களும் சமமில்லை என்றால், எல்லை பக்கத்தில் இருக்கிறது, இன்னும் கடக்கவில்லை என்று எடுக்கலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

அப்புறம், வந்துசேரும் வரிசை. 100 ஆரைக்கு அப்பாலிருந்து ஒரே கணத்தில் நேரே புறப்பட்டால் அந்தப் புரோத்தன் இரண்டரை நிமிடத்தில் வரும். சக்தி கால்வாசியானது ஐந்து நிமிடம் எடுக்கும். கண்டியிலிருந்து சேர்ந்து கிளம்பிய வானும் லொறியும் ஹட்டனுக்கு வரும் இடைவெளி போல, இதிலிருந்து தூரத்தைக் கணிக்கலாம். ஆனால் வேகமானவை ஓரத்தின் வெளிப்பக்கத்திலும் மெதுவானவை உட்பக்கத்திலும் அடுக்கிக் கிடந்தாலும், எல்லை ஆடி செய்மதியைத் தாண்டும்போது அதே வரிசைதான் பதிவாகும். ஒற்றைச் செய்மதியை வைத்து நேரமா இடமா என்று அடித்துச் சொல்வது கடினம். 2000இல் கிளஸ்ரர் விண்வெளித் திட்டம் நான்கு செய்மதிகளாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, இந்த அயன்கள் மலையகத்து வானத்திலும் துருவ ஒளி காட்டும் என்ற தவறான நினைப்பு. வாலோடு இணைந்த புலக்கோடுகள் பூமியைத் தொடுவது துருவங்களை ஒட்டிய பகுதிகளில். நாமோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்; இங்கே புலக்கோடுகள் கிட்டத்தட்டக் கிடையாகவே போகின்றன.