விற்பனைப் பதிவேட்டிலிருந்து பைவட் டேபிள் வரை: எக்செல் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

எக்செல் கற்க விரும்புகிறவர்களில் பலர் வீலுக்அப், இஃப், கவுன்ட்இஃப் என்று சூத்திரங்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். வணிகக் கணக்கை ஆராய்வதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. முதலில் பதிவேட்டைச் சரியான வடிவில் அமைக்க வேண்டும். அடுத்து, பதிவுகளை வகைவாரியாகத் தானே கூட்டிக் காட்டும் பைவட் டேபிள் என்ற வசதியைக் கொண்டு அதைத் தொகுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் விடை கிடைக்காத கேள்விகள் சில எஞ்சும். சூத்திரம் தேவைப்படுவது அவற்றுக்கு மட்டுமே. பதிவேடு சரியாக அமைந்துவிட்டால் அப்படி எஞ்சும் கேள்விகள் மிகச் சிலவாகவே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு கடையை வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றும் அங்கே சில்லறையாகவும் டின் கணக்கிலும் விற்பனையாகின்றன. எந்த மாதத்தில் எது கூடுதலாக விற்கிறது, கடனாக எவ்வளவு கொடுத்திருக்கிறோம், ஒரு லிட்டருக்கு உண்மையில் கைக்கு வரும் விலை என்ன என்பவையே கடைக்காரர் அறிய விரும்புபவை.

மைக்ரோசாஃப்ட் எக்செல், கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகிய மூன்றிலும் இந்தச் செய்முறையின் பெரும்பகுதியைச் செய்ய முடியும். கீழே குறிப்பிடும் பட்டிப் பெயர்கள் எக்செலில் உள்ளவை. மற்ற இரண்டில் வேறுபடும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிச் செல்கிறேன்.

முதல் படி: ஒரு விற்பனைக்கு ஒரு வரிசை

புதிய கோப்பைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, பில் எண், வாடிக்கையாளர், பொருள், லிட்டர், விலை, தொகை, செலுத்திய முறை என்று எட்டுத் தலைப்புகளை இடுங்கள். இரண்டாம் வரிசையிலிருந்து விற்பனைகளைப் பதியத் தொடங்கலாம். கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் மேலே போட்டு, அதற்குக் கீழே ஒரு வெற்று வரிசை விட்டு, பிறகு தலைப்பு எழுதுவது காகிதப் பதிவேட்டுக்குப் பொருந்தும். இங்கே அது இடையூறு. மென்பொருள் எந்த வரிசையைத் தலைப்பாகக் கொள்வது என்பதில் குழப்பம் வரும்.

ஒரே பில்லில் மூன்று எண்ணெயும் வாங்கப்பட்டிருந்தால் மூன்று வரிசைகள் எழுத வேண்டும். தேதியும் பில் எண்ணும் வாடிக்கையாளர் பெயரும் மூன்றிலும் திரும்ப வர வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் அவற்றை வெறுமையாக விடுவதும், மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்துப் பெயரை நடுவில் வைப்பதும் பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் இணைத்த கட்டத்தில் மேல் கட்டம் ஒன்றில்தான் மதிப்பு இருக்கும்; கீழ் இரண்டும் மென்பொருளின் கணக்கில் வெற்றுக் கட்டங்களே. அந்த வாடிக்கையாளர் வாங்கியவற்றில் இரண்டு பொருள்கள் பெயரற்றவர் கணக்கில் போய்விடும்.

ஏப்ரலுக்கு ஒரு தாள், மே மாதத்துக்கு ஒரு தாள் என்று பிரிப்பதும் வேண்டாம். ஆண்டு முழுவதும், அடுத்த ஆண்டும்கூட, ஒரே தாளில் கீழ்நோக்கி வளரட்டும். இன்றைய எக்செலில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைகள் உண்டு. ஒரு சிறு கடைக்கு இது பல ஆண்டுகளுக்குப் போதும். கோப்பைச் சேமிக்கும்போது மட்டும் எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வடிவைத் தவிர்த்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவைத் தேர்ந்தெடுங்கள். பழைய வடிவில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கோவிட் ஆய்வக முடிவுகளை இந்தப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியபோது, எல்லையைத் தாண்டிய வரிசைகள் விடுபட்டு 15,841 நோயாளிகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போனார்கள்.

இரண்டாம் படி: எண் எண்ணாகவே இருக்கட்டும்

லிட்டர் என்ற நெடுவரிசையில் 5 என்று மட்டும் எழுதுங்கள். "5 லி" என்று எழுதினால் மென்பொருளுக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து; கூட்டும்போது அது சேராது. அலகு தலைப்பில் இருந்தால் போதும். ரூபாய்க் குறி வேண்டுமென்றால் கையால் தட்டாமல் கட்டத்தின் வடிவமைப்பில் கொடுங்கள்.

தொகை நெடுவரிசையின் முதல் கட்டத்தில் சம அடையாளம் இட்டு, லிட்டர் கட்டத்தைச் சொடுக்கி, நட்சத்திரக் குறி இட்டு, விலைக் கட்டத்தைச் சொடுக்கி என்டர் அழுத்துங்கள். 5 லிட்டரும் 240 ரூபாயும் இருந்தால் 1,200 வரும். இனி அட்டவணைக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று, இன்செர்ட் பட்டியில் டேபிள் என்பதைத் தேர்ந்து, தலைப்பு உண்டு என்ற பெட்டியில் குறியிட்டு ஓகே கொடுங்கள். பிறகு சேர்க்கும் ஒவ்வொரு புதிய வரிசையும் தானாகவே அட்டவணையில் சேரும், பெருக்கல் சூத்திரமும் தானாகக் கீழே இறங்கும்.

வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு எண் போன்ற நீண்ட எண்களைப் பதிவதாக இருந்தால், தட்டும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாகக் காக்கும். 16ஆவது இலக்கத்திலிருந்து சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும்.

மூன்றாம் படி: தேதியைச் சோதித்தல்

தொடக்கநிலையினர் மிகுதியாக ஏமாறுவது தேதியில்தான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. எக்செல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1ஆம் நாளை 1 என்று கொண்டு எண்ணிக்கொண்டே வருவதால், 2025 ஏப்ரல் 1ஆம் தேதி அதற்கு 45748. எண் என்பதால் அது கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். எழுத்தாகக் கருதப்பட்டது இடப்புறம் ஒட்டும். நீங்களாக ஒழுங்கமைப்பை மாற்றாதவரை, தேதி நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே எது தேதி, எது தேதி போலத் தோன்றும் எழுத்து என்று தெரிந்துவிடும்.

வங்கியிலிருந்தோ பில்லிங் மென்பொருளிலிருந்தோ இறக்கும் கோப்பில் தேதிகள் நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் இருக்கும். உங்கள் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். அப்போது 13/05/2025 என்பதில் 13ஆவது மாதம் இல்லையே என்று அதை எழுத்தாக விட்டுவிடும்; கண்ணில் படுவதால் இந்தப் பிழை தேவலை. ஆனால் மே 4ஆம் தேதியைக் குறிக்கும் 04/05/2025 எந்த எச்சரிக்கையும் இன்றி ஏப்ரல் 5 ஆகிவிடும். இப்படி ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாள் விற்பனையும் வெவ்வேறு மாதங்களில் சிதறிப் போகும், மொத்தத் தொகையோ சரியாகவே இருக்கும்.

ஆகவே கோப்பைத் திறப்பதற்கு முன்பே விண்டோஸ் அமைப்புகளில் ரீஜன் பகுதியைத் திறந்து வட்டார வடிவத்தை இந்தியா என்று மாற்றிவிடுங்கள். 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழுவது இதனால் கிடைக்கும் கூடுதல் வசதி. முன்பே எழுத்தாக நின்றுவிட்ட தேதிகளை மாற்ற, அந்த நெடுவரிசையைத் தேர்ந்து, டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதைத் திறந்து, மூன்றாம் திரையில் டேட் என்பதையும் நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கையும் தேர்வு செய்யலாம். ஆனால் மாதம் மாறிப்போன தேதிகளை இந்த வழி திருத்தாது. அவற்றுக்கு மூலக்கோப்பை மறுபடி ஏற்றுவதே பாதுகாப்பானது.

நான்காம் படி: ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

தேங்காய் எண்ணெய், தேங்காயெண்ணெய், தே.எண்ணெய் ஆகிய மூன்றும் நமக்கு ஒன்று, மென்பொருளுக்கு மூன்று. பெயருக்குப் பின்னால் தவறுதலாக விழும் ஓர் இடைவெளிகூட அதைப் புதிய பொருளாக்கிவிடும். வேறொரு தாளில் பொருள்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வையுங்கள். பிறகு பொருள் நெடுவரிசையைத் தேர்ந்து, டேட்டா பட்டியில் டேட்டா வேலிடேஷன், அதில் லிஸ்ட் என்று சென்று அந்தப் பெயர்களைச் சுட்டிவிடுங்கள். கட்டத்தின் ஓரத்தில் தோன்றும் சிறு அம்பைச் சொடுக்கித் தேர்வதுடன் வேலை முடியும். பட்டியலில் இல்லாத பெயரைத் தட்டினால் ஏற்காது. செலுத்திய முறைக்கும் ரொக்கம், யூபிஐ, கடன் என்று இதேபோல் பட்டியல் வையுங்கள்.

ஐந்தாம் படி: பைவட் டேபிள்

அட்டவணைக்குள் நின்று, இன்செர்ட் பட்டியில் பைவட் டேபிள் என்பதைச் சொடுக்கி, புதிய தாள் என்று தேர்ந்து ஓகே கொடுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் கால்க்கிலும்கூட இது இன்செர்ட் பட்டியிலேயே கிடைக்கும். திரையின் வலப்பக்கத்தில் உங்கள் எட்டுத் தலைப்புகளும், கீழே ஃபில்டர்ஸ் (வடிகட்டல்), காலம்ஸ் (நெடுவரிசைகள்), ரோஸ் (வரிசைகள்), வேல்யூஸ் (மதிப்புகள்) என்ற நான்கு பெட்டிகளும் தோன்றும்.

தேதியை ரோஸ் பெட்டிக்கும், பொருளை காலம்ஸ் பெட்டிக்கும், லிட்டரை வேல்யூஸ் பெட்டிக்கும் இழுத்து விடுங்கள். இடப்புறம் வந்த தேதிகளில் ஒன்றின் மேல் வலச்சொடுக்கு செய்து, குரூப் என்பதில் மன்த்ஸ், இயர்ஸ் இரண்டையும் தேர்வு செய்யுங்கள். மாதத்தை மட்டும் தேர்ந்தால் சென்ற ஆண்டு ஏப்ரலும் இந்த ஆண்டு ஏப்ரலும் ஒன்றாகக் கூடிவிடும். தொகுக்க முடியாது என்று செய்தி வந்தால், தேதி நெடுவரிசையில் எங்கோ ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். அதேபோல் சம் (கூட்டுத்தொகை) என்பதற்குப் பதிலாக கவுன்ட் (எண்ணிக்கை) என்று வந்தால், லிட்டர் நெடுவரிசையில் "5 லி" ஒன்று தப்பிவிட்டது.

கடன் விற்பனையை அறிய, செலுத்திய முறையை ஃபில்டர்ஸ் பெட்டியில் வைத்துக் கடனை மட்டும் தேர்ந்து, ரோஸ் பெட்டியில் வாடிக்கையாளரையும் வேல்யூஸில் தொகையையும் வையுங்கள். யார் கடனில் எவ்வளவு வாங்கினார் என்பதை இது காட்டும், நிலுவையை அல்ல. அவர்கள் பின்னர் செலுத்தும் பணத்துக்குத் தேதி, வாடிக்கையாளர், தொகை என்ற மூன்று தலைப்புகளோடு தனி வரவுத் தாள் வைத்து, அதைக் கழித்தால்தான் நிலுவை தெரியும். விற்பனைத் தாளில் மைனஸ் குறியோடு வரவை எழுதுகிறவர்கள் உண்டு. எளிய வழிதான், ஆனால் மாத விற்பனை குறைந்துபோனதாகக் காட்டும்.

ஆறாம் படி: சராசரி விலை

விலையை வேல்யூஸில் வைத்து ஆவரேஜ் என்று மாற்றினால் சராசரி வருமே என்று தோன்றும். ஒருவருக்கு 1 லிட்டரை 250 ரூபாய்க்கும், இன்னொருவருக்கு 50 லிட்டரை 230 ரூபாய் வீதத்திலும் விற்றதாகக் கொள்வோம். எக்செல் 240 என்று சொல்லும். ஆனால் 51 லிட்டருக்கு வந்த பணம் 11,750 ரூபாய்தான் என்பதால், லிட்டருக்குக் கிடைத்தது 230 ரூபாய் 39 காசு. இந்த இடைவெளியைக் கவனிக்காமல் லாபம் கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறத்தாழப் பத்து ரூபாய் கற்பனையாகக் கூடிவிடும். பைவட் டேபிள் அனலைஸ் பட்டியில் ஃபீல்ட்ஸ், ஐட்டம்ஸ் அண்ட் செட்ஸ் என்பதன் கீழுள்ள கால்குலேட்டட் ஃபீல்டைத் திறந்து, தொகை வகுத்தல் லிட்டர் என்று அமையுங்கள். அது முதலில் இரண்டையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுப்பதால் சரியான விடை வரும். கால்க்கில் இந்த வசதி இல்லை; அங்கே தொகை, லிட்டர் இரண்டின் கூட்டுத்தொகையையும் பைவட் டேபிளில் எடுத்து, வெளியே ஒரு கட்டத்தில் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நிதியாண்டு

பைவட் டேபிளின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவது, காலாண்டும் அப்படியே. நமக்கு ஏப்ரலில் தொடங்க வேண்டும். எனவே அட்டவணையின் கடைசியில் நிதியாண்டு என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி அதன் ஆண்டை எடுக்கும் சூத்திரத்தை இடுங்கள்: =இயர்(இடேட்(ஏ2,-3)). கட்டத்தில் தட்டும்போது =YEAR(EDATE(A2,-3)) என்று ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை எல்லாத் தேதிக்கும் 2025 என்றே வரும். 2025க்குப் பதிலாக 1905ஆம் ஆண்டுத் தேதி ஒன்று தோன்றினால் சூத்திரத்தில் தவறில்லை. கட்டம் தேதி வடிவில் இருக்கிறது, ஜெனரல் வடிவுக்கு மாற்றுங்கள்.

புதிய விற்பனைகளைச் சேர்த்த பிறகு எக்செலிலும் கால்க்கிலும் பைவட் டேபிளின் மேல் வலச்சொடுக்கு செய்து ரிஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ரிஃப்ரெஷ் முடிந்ததும் விற்பனைத் தாளில் தொகை நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து, திரையின் அடியில் தோன்றும் சம் எண்ணை, தொகையை வேல்யூஸில் வைத்த, வடிகட்டல் ஏதுமில்லாத பைவட் டேபிளின் கிராண்ட் டோட்டலுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கீழ் வரிசைகள் சில அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. டேபிளின் வலக்கீழ் மூலையிலுள்ள சிறு குறியைப் பிடித்துக் கீழே இழுத்து அவற்றையும் உள்ளே சேர்த்துவிட்டு மறுபடி ரிஃப்ரெஷ் கொடுங்கள்.