டெர்மினலில் வடிவங்கள் மினுக்காமல் சுழல

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில்) முக்கோணமோ கனசதுரமோ சுழல விடும்போது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (அசைவின் ஒவ்வொரு படத்துக்கும்) திரையைத் துடைக்காதீர்கள். எஸ்கேப் (ESC எனும் கட்டுப்பாட்டுக் குறி), இடது சதுர அடைப்புக்குறி, பெரிய எச் (H) என்ற மூன்று குறிகளை அனுப்பினால் கர்சர் மேல் இடது மூலைக்குப் போய்விடும். அப்புறம் முழு ஃபிரேமையும் ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) சேர்த்து ஒரே தடவையில் எழுதுங்கள். துடைப்பதற்கும் வரைவதற்கும் நடுவே வெற்றுத் திரை ஒரு கணம் தெரிவதுதான் அந்த எரிச்சலூட்டும் மினுக்கல். பழையதன் மேலேயே எழுதினால் அந்த இடைவெளி இல்லை. காலி இடங்களை மட்டும் ஸ்பேஸ் போட்டு நிரப்புங்கள், இல்லையென்றால் பழைய வடிவத்தின் வால் அப்படியே நிற்கும்.

விண்டோ அளவு மாறினால் ஒரு தடவை துடைத்தே ஆக வேண்டும். வெளியீடு திரைக்குப் பதில் கோப்புக்குப் போகும்போது இந்த முறை உதவாது, குப்பைக் குறிகள்தான் சேரும். என்கர்சஸ் (ncurses) என்ற டெர்மினல் திரை நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த முறை தேவையே இல்லை. மாறிய இடங்களை மட்டும் அதுவே பார்த்து எழுதிக்கொள்ளும்.